தாலி கட்டியாச்சு... அடுத்து எங்கே?

நீலகிரியில் கோடைக் கல்யாணம். சாப்பாடும் ரூமும் ஏற்பாடாகிவிட்டன. விருந்தாளிகளின் பகல் பொழுதுக்கு என்ன ஏற்பாடு?

காலை ஒன்பதரை மணி. குன்னூரில் ஒரு கல்யாண மண்டபம். ஏழரைக்குள் முகூர்த்தம் முடிந்து முதல் பந்தியும் எழுந்துவிட்டது. இட்லிக்கு ஊற்றிய சாம்பார் நாலு வாய்க்குள் ஆறிப்போகிற குளிர். பட்டுப் பாவாடைக்கு மேல் ஸ்வெட்டர் மாட்டிய குழந்தைகள் வாசலில் ஓடுகிறார்கள். பெரியவர்கள் கையில் தாம்பூலப் பையோடு வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நிற்கிறார்கள்.

"சித்தப்பா, ரூமுக்குப் போய் என்ன பண்றது? ஊட்டிக்கு ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாமா?"

"மதியச் சாப்பாட்டுக்கு வந்துரணும்ப்பா. சம்பந்தி வீட்ல தேடுவாங்க."

"பதினெட்டு கிலோமீட்டர்தானே சித்தப்பா. ஒரு மணிக்குள்ள வந்துடுவோம்."

வேன்களும் கார்களும் கிளம்புகின்றன. பதினொன்றரை மணிக்கும் அவை அரவங்காட்டைத் தாண்டவில்லை. பின்சீட்டில் குழந்தை வாந்தி எடுக்கிறது. பாட்டிக்கு அவசரமாக இறங்க வேண்டும். வண்டியை நிறுத்த இடமில்லை. மண்டபத்தில் வடை, பாயசத்தோடு இலை போட்டுக் காத்திருக்கிறார்கள். பந்தியில் பாதி காலி. ஊட்டி ஏரியைக் கண்ணால் பார்த்த திருப்தியோடு அவர்கள் திரும்பும்போது மாலை வரவேற்புக்கு நாற்காலி போட ஆரம்பித்திருப்பார்கள்.

சித்திரை, வைகாசி, ஆனி முகூர்த்தங்களில் நீலகிரியின் எந்த மண்டபத்திலும் நடக்கக்கூடிய காட்சி இது. சமவெளி கொதிக்கும் மாதங்களில் மலையில் கல்யாணம் வைக்கும் ஆசை இன்று பல குடும்பங்களில் இருக்கிறது. ரூம், சமையல், மேடை அலங்காரம் எல்லாவற்றுக்கும் ஆள் வைத்துத் திட்டம் போடுகிறோம். இரண்டு நாள் தங்கப்போகும் உறவினர்கள் நடுவில் இருக்கும் பொழுதை எப்படிக் கழிப்பார்கள் என்பதை மட்டும் அவரவர் பாட்டுக்கு விட்டுவிடுகிறோம். பிரச்னை அங்கேதான் தொடங்குகிறது.

இருநூறு வருடக் கோடை

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் தங்க ஆரம்பித்தார். அவர் கட்டிய வீடு இன்று புதுப்பிக்கப்பட்டு நினைவகமாக நிற்கிறது. ஊட்டி ஏரியை உருவாக்கியவரும் அவர்தான். 1848-ல் தாவரவியல் பூங்காவின் வேலை தொடங்கியது. 1899-ல் மலை ரயில் குன்னூர் வரை வந்தது. 1908-ல் ஊட்டியை எட்டியது. 1896 முதல் மே மாத மலர்க் கண்காட்சி நடந்துவருகிறது. வெயிலுக்குப் பயந்து வெள்ளைக்காரர்கள் உருவாக்கிய கோடை நகரம், சுதந்திரத்துக்குப் பிறகு நம் எல்லோருக்கும் கோடை நகரமானது. அன்று போட்ட அதே மலைப்பாதைகளில்தான் பெரும்பாலும் இன்றும் ஏறிக்கொண்டிருக்கிறோம்.

கூட்டம் எல்லை மீறியபோது சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. அதன் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இந்த வரம்பு கிடையாது.

கல்யாண வீட்டாருக்கு இதில் நேரடிச் செய்தி உண்டு. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு நாற்பது குடும்பம் நாற்பது காரில் வந்தால், நாற்பது பேருக்கும் அனுமதி கிடைக்கும் என்று நம்பி உட்கார முடியாது. மேட்டுப்பாளையம் வரை ரயிலில் வரவழைத்து, அங்கிருந்து வேன்களில் கூட்டிச் செல்வது செலவையும் குறைக்கும், தலைவலியையும் குறைக்கும்.

---

மலையேறும் முன்...

● இ-பாஸ்: வெளியூர் வண்டிகளுக்கு முன்பதிவு தேவை. பத்திரிகை கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். வரம்பும் விதிகளும் சீசனுக்குச் சீசன் மாறுவதால், கிளம்பும் வாரத்தில் மறுபடி பாருங்கள்.

● தண்ணீர் பாட்டில்: ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் உட்பட ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு நீலகிரியில் தடை. வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் கொண்டு வரச் சொல்லுங்கள். சாலையோரம் குடிநீர் ஏ.டி.எம். மையங்கள் உண்டு.

● உயரம்: மேட்டுப்பாளையம் சுமார் 330 மீட்டர், குன்னூர் 1,850, ஊட்டி 2,240. மூச்சுத் தொந்தரவு, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு, மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

● உடை: மே மாதத்திலும் இரவுக்கு ஸ்வெட்டர் வேண்டும். மதியத்துக்கு மேல் கோடை மழை வரும். குடை அவசியம்.

● பாதை: சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும் ஒருவழிப் போக்குவரத்து நடைமுறைக்கு வரும். மண்டபம் எந்தப் பக்கம் என்பதை வைத்து நேரத்தைக் கணக்கிடுங்கள்.

---

ஒரு வேளைக்கு ஒரு திசை

சுற்றுலாவாக வருபவருக்கு நாள் முழுக்க இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்தவருக்குக் கிடைப்பது இரண்டு சடங்குகளுக்கு நடுவே மூன்று, நான்கு மணி நேரம். அதற்குள் ஏரி, தொட்டபெட்டா, ரோஜாப் பூங்கா, பைக்காரா என்று அடுக்கினால் ரோட்டைத்தான் பார்க்க முடியும். ஒரு வேளைக்கு ஒரே திசை, ஒரே இடம். இந்த ஒரு விதி போதும், பாதிப் பிரச்னை தீரும்.

குன்னூரில் கல்யாணம் என்றால் குன்னூரையே பார்க்கலாம். 1874-ல் உருவான சிம்ஸ் பூங்கா ஊருக்குள்ளேயே இருக்கிறது. பள்ளத்தாக்கின் சரிவில் படிப்படியாக இறங்கும் பூங்கா இது. வெளிநாட்டு மரங்களுக்கு நடுவே ருத்ராட்ச மரமும் நிற்கிறது. அதைத் தேடிப் பிடிப்பதே பெரியவர்களுக்கு ஒரு சந்தோஷம். முழங்கால் வலி உள்ளவர்கள் மேல் பாதையில் பெஞ்சில் உட்கார்ந்துவிடலாம். இறங்கினால் ஏற வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மே மாதம் இங்கே பழக் கண்காட்சி நடக்கும். லேம்ஸ் ராக், டால்பின் நோஸ் காட்சிமுனைகள் இரண்டும் ஒரே சாலையில் உள்ளவை. காலையில் சீக்கிரம் போனால் சமவெளி தெளிவாகத் தெரியும். மதியத்துக்கு மேல் போனால் மேகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

ஊட்டியில் கல்யாணம் என்றால், முதல் தேர்வு தாவரவியல் பூங்கா. 22 ஹெக்டேர் பரப்பு. இரண்டு கோடி ஆண்டுப் பழமை கொண்ட கல்மரம் ஒன்று அங்கே இருக்கிறது. கூட்டம் வேண்டாம் என்பவர்கள் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குப் போகலாம். 1830-களின் தொடக்கத்திலிருந்து வழிபாடு நடக்கும் இடம். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தவை. அவ்வளவு பெரிய மரங்களை, மலை ரயில் இல்லாத அந்தக் காலத்தில் மேலே ஏற்றியிருக்கிறார்கள். பின்னால் உள்ள கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் உறங்குகிறார்கள்.

கோத்தகிரியில் கல்யாணம் என்பவர்களுக்குக் கொடுப்பினை அதிகம். கூட்டம் குறைவு, குளிரும் இதமாக இருக்கும். கொடநாடு காட்சிமுனையில் நின்றால் கீழே மாயாறு ஓடும் பள்ளத்தாக்கும் எதிரே ரங்கசாமி மலையும் தெரியும். ஊரை ஒட்டியே லாங்வுட் சோலை இருக்கிறது. நூறு ஹெக்டேரைக் கொஞ்சம் தாண்டும் சிறிய காடு. சுற்றியுள்ள கிராமங்களுக்கு இதுதான் தண்ணீர் தருகிறது. 2024-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் பிடித்தது. வனத்துறை அனுமதியோடு, வழி தெரிந்தவர் துணையோடு, சின்னக் குழுவாக, சத்தமில்லாமல் நடக்க வேண்டிய இடம். நடுப்பகலிலும் உள்ளே வெளிச்சம் மங்கலாகத்தான் இருக்கும். கால் வைக்கும் மண் பஞ்சாக அமுங்கும். பெய்யும் மழையை அந்த மண் பிடித்து வைத்து, ஓடையாக மெல்ல விடுகிறது. மலையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

ரயில் ஏறுங்கள், ரோட்டை விடுங்கள்

விருந்தாளிகளுக்குக் கல்யாண வீட்டார் செய்யக்கூடிய நல்ல காரியம், மலை ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுப்பது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 16 குகைகள், 250 பாலங்கள். 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமானது. காலையில் கிளம்பும் ரயில் ஊட்டி சேர ஐந்து மணி நேரம் ஆகும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே தண்டவாளத்தின் மத்தியில் பல் வைத்த இரும்புப் பட்டை ஓடுகிறது. எஞ்சினுக்கு அடியில் உள்ள பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும். எஞ்சின் முன்னால் இருந்து இழுக்காது. பின்னால் இருந்து தள்ளும். முதல் பெட்டியில் உட்கார்ந்த குழந்தைக்கு எதிரே மறைப்பில்லாமல் மலை விரியும்.

முழுப் பயணத்துக்கு நேரமில்லை என்றால் குன்னூர் - ஊட்டி மட்டும் போதும். டீசல் எஞ்சின்தான். ஆனால் வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று சுமார் ஒரு மணி நேரத்தில் பள்ளத்தாக்கைச் சுற்றிக் காட்டிவிடும். கேத்தி ஸ்டேஷன் வரும்போது 'மூன்றாம் பிறை' உச்சக்காட்சி நினைவுக்கு வராத தமிழர் குறைவு. அந்தக் காட்சி படமாக்கப்பட்ட இடம் இந்த ஸ்டேஷன்தான். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும். சீசன் டிக்கெட்டுகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். முகூர்த்த நாள் குறித்த கையோடு காலண்டரில் இதையும் குறித்துக்கொள்வது நல்லது.

இலையிலிருந்து தூள் வரை

மழை பிடித்துக்கொண்டால் டீ பேக்டரி இருக்கிறது. பார்வையாளர்களை அனுமதிக்கும் தொழிற்சாலைகள் ஊட்டி, குன்னூர் பகுதிகளில் உண்டு. முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போகலாம். உள்ளே நுழைந்ததும் வெட்டிப் போட்ட புல்லின் வாசனை. நீளமான தொட்டிகளில் பச்சை இலையைப் பரப்பி, அடியிலிருந்து காற்றை அடித்து வாட்டுகிறார்கள். வாடிய இலை உருளைகளுக்குள் நசுங்கிப் பச்சைக் குருணையாக விழுகிறது. கொஞ்ச நேரத்தில் அது கண் முன்னாலேயே செம்பு நிறமாகிறது. பிறகு அனல் காற்றில் காய்ந்து கறுப்பாகிறது. நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை போட்டால்தான் ஒரு கிலோ தூள். காலையில் மண்டபத்தில் குடித்த காபியை மறந்துவிட்டு எல்லோரும் டீ கேட்பார்கள்.

இந்தத் தூளுக்குப் பின்னால் சிறு விவசாயிகளின் உழைப்பு இருக்கிறது. நீலகிரியில் சொந்தமாகச் சிறு தோட்டம் வைத்து, பச்சை இலை விலையை நம்பி வாழும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. அந்த விலை விழும்போதெல்லாம் அவர்கள் போராட்டத்தில் இறங்குகிறார்கள். தாம்பூலப் பையில் போடப் பரிசுப் பொருள் தேடுகிறவர்கள், சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலையில் தயாராகும் டீத்தூளில் நூறு கிராம் பொட்டலம் வைக்கலாம். செலவு குறைவு, ஊருக்குப் போன பிறகும் உபயோகப்படும்.

மலையின் மக்கள்

தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் என்று பல சமூகங்களின் தாயகம் நீலகிரி. அவர்களை வேடிக்கைப் பொருளாகப் பார்க்காமல் அறிமுகம் செய்துகொள்ள நல்ல வழிகள் இருக்கின்றன.

ஊட்டிக்கு அருகே முத்தோரை பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தின் அருங்காட்சியகம் முதல் படி. அடுத்தது தோடர்களின் பூத்தையல். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, துணியின் இழைகளை எண்ணியபடியே பெண்கள் கையால் போடும் வேலைப்பாடு. 2013-ல் புவிசார் குறியீடு பெற்றது. நெய்ததோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு நெருக்கமான தையல். ஒரு சால்வைக்கு எத்தனை நாள் உழைப்பு போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் பேரம் பேச வாய் வராது. மணமக்களுக்குப் பொன்னாடை போர்த்துகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மலையில் நடக்கிற கல்யாணத்தில் அந்தப் பொன்னாடைக்குப் பதில் தோடர் பெண்கள் தைத்த சால்வையைப் போர்த்துங்கள். பணம் சரியான கைக்குப் போகும். தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளில் உள்ள கோயில் புனிதமானது. அழைக்காமல் உள்ளே போவதும் கேட்காமல் படமெடுப்பதும் கூடாது.

வரவேற்பில் படுகர் ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்யும் குடும்பங்களும் உண்டு. வட்டமாக நின்று, நிதானமாகத் தொடங்கி வேகம் கூடும் ஆட்டம். பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் கால் எடுத்து வைக்கலாம். காதைக் கிழிக்கும் டி.ஜே.வைவிட இது விருந்தாளிகள் மனதில் நிற்கும்.

---

இரண்டு நாள், இரண்டே பயணம்

*முகூர்த்தத்துக்கு முதல் நாள்*

● காலை: மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயில், அல்லது வேன். மதியம் ஓய்வு. வந்ததும் சுற்றக் கிளம்ப வேண்டாம். உடம்பு குளிருக்கும் உயரத்துக்கும் பழகட்டும்.
● மாலை: நிச்சயதார்த்தம் அல்லது வரவேற்பு.

*முகூர்த்த நாள்*

● காலை 9.30 - 12.30: மண்டபத்துக்கு அருகில் நடந்தே போகக்கூடிய பூங்கா அல்லது தேவாலயம். பெரியவர்களும் குழந்தைகளும் ஒரு குழு. இளைஞர்களுக்குக் காட்சிமுனை அல்லது சோலை நடை.
● மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு: டீ பேக்டரி, பூத்தையல் கடை, வர்க்கியும் சாக்லேட்டும் தேனும் வாங்க ஒரு மணி நேரம்.
● இறங்குவது: இருட்டும் முன்.

---

இலையின் ஓரத்தில் ஒரு பாட்டில்

நம் கல்யாணங்களில் ஒவ்வொரு இலைக்கும் பக்கத்தில் ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில் வைக்கிறார்கள். இரண்டு மடக்கு குடித்துவிட்டு எழுந்துவிடுகிறோம். 500 பேர் மூன்று வேளை சாப்பிட்டால் 1,500 பாட்டில். சமவெளியிலேயே அது குப்பைதான். மலையில் அது ஓடையில் இறங்கும், சரிவில் சிக்கும், பொறுக்க ஆள் போக முடியாத இடத்தில் தங்கிவிடும். எவர்சில்வர் டம்ளரும், தண்ணீர் ஊற்ற இரண்டு ஆட்களும் போதும். தாம்பூலத்துக்கு மஞ்சள் பை இருக்கிறது.

மிச்ச உணவு அடுத்த கவலை. குன்னூர்த் தெருக்களில் காட்டெருமை நடப்பதும், கோத்தகிரி டீத்தோட்டங்களில் கரடி நடமாடுவதும் அங்குள்ளவர்களுக்கு அன்றாட விஷயம். மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலையும் பாயசமும் கொட்டிக் கிடந்தால் கரடியும் காட்டுப்பன்றியும் அந்த வாசனைக்கு வரும். பழகினால் திரும்பத் திரும்ப வரும். விருந்தாளிகள் ஊர் திரும்பிவிடுவார்கள். விடியற்காலையில் அதே பாதையில் இலை பறிக்கப் போகிற பெண்தான் கரடிக்கு எதிரில் நிற்பாள். மிச்ச உணவை மூடிய தொட்டியில் போட்டு, அன்றைக்கே அப்புறப்படுத்த ஆள் பேசியிருக்க வேண்டும். சமையல்காரரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஊட்டி உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அரிசியும் பருப்பும் வேகக் கூடுதல் நேரம் பிடிக்கும். சமவெளிக் கணக்கில் உலை வைத்தால் பந்தி தாமதமாகும், சாதம் வீணாகும்.

பலாப்பழ சீசனில் மேட்டுப்பாளையம் - குன்னூர் மலைப்பாதையின் பர்லியாறு, குரும்பாடி பகுதிகளில் யானைகள் சாலைக்கு வரும். கண்டால் வண்டியைத் தூரத்தில் நிறுத்திக் காத்திருக்க வேண்டும். இறங்கிச் செல்ஃபி எடுப்பதும் ஹாரன் அடிப்பதும் உயிருக்கு உலை வைக்கும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது நாடு முழுவதற்கும் உள்ள விதி. காட்டை ஒட்டிய விடுதிகளில் பத்து மணி வரைகூடக் காத்திருக்கக் கூடாது. பட்டாசைத் தொடவே வேண்டாம்.

டிரைவருக்கும் ஒரு கட்டில்

எல்லோரும் மறந்துவிடும் விருந்தாளி ஒருவர் உண்டு. இரவு முழுக்க வண்டி ஓட்டி வந்தவர். நாம் கம்பளிக்குள் தூங்கும்போது அவர் ஸ்டீயரிங் மேல் தலை சாய்த்துக் குளிரில் விறைத்துக் கிடப்பார். மறுநாள் ஐம்பது உயிர்களோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டியவரும் அவரே. மலை இறக்கத்தில் வண்டியைத் தாழ்ந்த கியரில் விட வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். 36 வளைவுகள் கொண்ட கல்லட்டி மலைப்பாதையில் விபத்துகள் அதிகம் என்பதால், வெளியூர் வண்டிகள் அதில் இறங்கத் தடையே இருக்கிறது. தூக்கமில்லாத கண்ணோடு எந்தப் பாதையும் ஆபத்து. ரூம் கணக்குப் போடும்போது டிரைவர்களுக்கும் கட்டில், போர்வை, சூடான சாப்பாடு சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பந்தியிலேயே அவர்களை உட்கார வையுங்கள்.

பத்திரிகையோடு ஒரு தாள்

மலையில் கல்யாணம் வைப்பது தப்பில்லை. அங்கே மண்டபம் நடத்துகிறவர், பூக்கட்டுகிறவர், வேன் ஓட்டுகிறவர், தேன் விற்கிறவர் எல்லோருக்கும் அது பிழைப்பு. ஆனால் அழைத்த வீட்டுக்கு ஒரு பொறுப்பு இருக்கிறது. விருந்தாளி எங்கே போவார், எதில் போவார், எதைக் குடிப்பார், எதை விட்டுவிட்டு வருவார் என்பதெல்லாம் கல்யாண ஏற்பாட்டில் சேர்த்தி. நீலகிரிக்குச் சொன்ன இந்தக் கணக்கு கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் பொருந்தும்.

வரும் சீசனில் உங்கள் வீட்டுக் கல்யாணம் மலையில் என்றால், பத்திரிகையோடு ஒரு தாளைச் சேர்த்து வையுங்கள். இ-பாஸ் விவரம், ரயில் நேரம், ஒவ்வொரு வேளைக்கும் ஒரே ஓர் இடம், பொறுப்பாளரின் போன் நம்பர். வீட்டில் சுறுசுறுப்பான ஒரு அண்ணனையோ அக்காவையோ அதற்கென்றே நியமியுங்கள். முகூர்த்த ஓலை எழுதும் நாளிலேயே அந்தத் தாளையும் எழுதிவிடுங்கள்.